பாலாற்றில் பூச்சிகள் குறைவாக இருப்பதற்கு மாசு மட்டும்தான் காரணமா?

கேள்வி (பள்ளி ஆசிரியை, குடியாத்தம்):
அமிர்தி ஓடையில் கற்களைப் புரட்டினால் மே ஈக்களின் இளம் உயிரிகளும், மணலை ஒட்டிக் கூடு கட்டிய காடிஸ் புழுக்களும் கிடைக்கின்றன. வேலூருக்குக் கீழே, மழைக்குப் பின் பாலாற்றில் தேங்கும் குட்டையில் சிவப்புப் புழுக்களும் நத்தைகளுமே வலையில் வருகின்றன. இது தோல் தொழிற்சாலைக் கழிவின் விளைவு என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

பதில் 1 (விலங்கியல் பேராசிரியர், வேலூர்):
அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம், அம்மா. இரண்டு இடங்களிலும் நீர் மட்டுமல்ல, படுகையும் வேறு: ஓடையில் கல், பாலாற்றில் மணல். கல்லின் அடியில் ஒளிய இடம் உண்டு, மேலே பாசி படரும், இடுக்கில் சருகு சிக்கும், ஓடும் நீர் ஆக்சிஜனைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். ஒரு மே ஈயை வெள்ளைத் தட்டில் நீரோடு விட்டுப் பாருங்கள். வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள் இடைவிடாமல் துடிப்பது தெரியும். அத்தகைய உயிர் தேங்கிய சேற்றில் பிழைப்பது கடினம். சிவப்புப் புழுவோ தன் உடலிலுள்ள ஹீமோகுளோபினால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். அந்தக் குறைவு ஏற்பட, சருகு அழுகினாலே போதும். மணல் வெள்ளந்தோறும் புரள்வதால், தூய்மையான மணலாற்றிலும்கூட இனங்கள் குறைவாகவே இருக்கும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் விரைவாக வளர்ந்து பறந்துவிடும் இனங்களுக்கும், படுகையின் ஈரத்தில் புதைந்து காத்திருக்கும் இனங்களுக்குமே வாய்ப்பு அதிகம்.

பதில் 2 (வாசகர், வாணியம்பாடி):
ஐயா சொல்வது சரி. ஆனால் அதை வைத்து மாசை யாரும் லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. தோல் கழிவால் பாலாற்றுக்கும் இப்பகுதிக் கிணறுகளுக்கும் நேர்ந்த கேட்டை 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தின் பெரும்பகுதி அடிப்படிவில் தங்கிவிடும். அங்கேதான் புழுக்களும் வாழ்கின்றன. பச்சைத் தோலை ஊறவைத்துக் கழுவும்போது வெளியேறும் உப்போ நீரில் கரைந்தே இருக்கும். உப்பு ஏற ஏற முதலில் மறையும் பூச்சிகளில் மே ஈக்களும் அடங்கும்.

பதில் 3 (ஆய்வு மாணவி, ராணிப்பேட்டை):
அக்கா, படுகை வேறுபாட்டைச் சமன் செய்ய ஒரு வழி உண்டு. ஒரே அளவிலான கூழாங்கற்களைச் சம எடையில் வலைப்பைகளில் கட்டி, நீர் ஓடும் காலத்தில், கழிவு சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ஒரே ஆழத்திலும் வேகத்திலும் போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் கழித்து எடுக்கலாம். எடுக்கும்போது பையை நீருக்குள்ளேயே வாளியில் ஏந்திக்கொள்ள வேண்டும். தூக்கினால் பூச்சிகள் நழுவிவிடும். அதே நாளில் கரைந்த ஆக்சிஜனையும், நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனையும் அளந்து எழுதிவையுங்கள். கழிவு கலக்கும் இடத்தில் மாணவர்களைக் கையுறையும் உயரமான ரப்பர் பூட்ஸும் இல்லாமல் இறக்க வேண்டாம்.