சர்வீஸ் விட்டு எடுத்த வண்டி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆழியாறு_ஓரம்:
ஃபுல் சர்வீஸ் விட்டு எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வால்பாறையில் அத்தை வீட்டு விசேஷம் முடிந்து இறங்குகிறோம், பின் சீட்டில் அம்மாவும் பெரியம்மாவும். 40 கொண்டை ஊசி வளைவும் எனக்குப் பழகிய ரோடுதான், இரண்டாவது கியரிலேயேதான் வந்தேன், முன்னால் ஒரு பஸ் வேறு உருட்டிக்கொண்டு போனது. 9வது வளைவு, லோம்ஸ் வியூ, அணை முழுசாகத் தெரியுமே, அங்கே வரையாடு பார்க்க நாலைந்து காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் பாட்டுக்கு உள்ளே போகிறது, கால் தரையைத் தொட்டுவிட்டது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது, முதல் கியரில் தள்ளி ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தியபோது முன்னால் நின்ற காருக்கும் எனக்கும் ஒரு முழம் இருந்தால் அதிகம். அம்மா கேட்கிறார், "ஏங்கண்ணு, ஆடு பாக்கறதுக்கா நிறுத்துனே?"

அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் கல்லுக் கணக்காக நிற்கிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. அடுத்த நாள் பொள்ளாச்சியில் தெரிந்த மெக்கானிக்கிடம் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறம். சர்வீஸ் பில்லில் என்ன போட்டிருக்கிறது என்றால், "பிரேக் ஃப்ளூயிட் செக்டு, ஓகே". பில்லை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "மலையில பிரேக்க ரொம்ப மிதிச்சிருப்பீங்க சார்" என்றார் அங்கே இருந்தவர். மலையில் பிரேக்கை மிதிக்காமல் வேறு எதை மிதிப்பார்கள்?

திம்பம்_27:
அண்ணா, கோவிச்சுக்காதீங்க, அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது கியரில் வந்தாலும் பஸ் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் கால் பிரேக்கை விட்டு எடுக்கவே முடியாது. இடைவெளி விட்டு, அழுத்தி ஒரு தடவை வேகத்தைக் குறைத்து, அப்புறம் முழுசாக விட்டுவிட வேண்டும், பிரேக் டிஸ்க் ஆறும். எனக்கும் திம்பத்தில் கரும்பு லாரிக்குப் பின்னால் இதே மாதிரி ஆனது, ஆசனூரில் இருந்து இறங்கும்போது, பண்ணாரி வந்ததும் முதல் வேலையாகக் கும்பிடு போட்டேன், என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டப்பா மூடியே இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறின பிறகு அந்தக் கணக்கே 155தான். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. இறக்கத்தில் அந்தச் சூடு காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், பக்கம் வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி வரும், குமிழியை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆறினதும் குமிழி போய்விடும், பெடல் பழையபடி நிற்கும். அதனால்தான் ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் "நல்லாத்தானே இருக்குது" என்பார்கள். நிறத்தைப் பார்த்தும் முழுசாகச் சொல்ல முடியாது, பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கிறது, அதை முக்கிப் பார்த்தால் ஈரம் எவ்வளவு என்று காட்டும், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2 வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்ற வேண்டும், டாப் அப் பண்ணுவது மாற்றுவது ஆகாது. டாட் 5 என்று எழுதியிருப்பதை நம்பர் பெரிசாக இருக்கிறதே என்று வாங்கி ஊற்றிவிடாதீர்கள், அது சிலிக்கான், இதோடு சேராது. வண்டியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எது ஊற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும்.

ஆழியாறு_ஓரம்:
தம்பி, பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தேன் என்று நான் எங்கே சொன்னேன்?

காங்கயம்ரோடு_அம்மிணி:
இந்த "செக்டு, ஓகே" எனக்கும் நல்லாத் தெரியும். எங்கள் வீடு பனியன் கம்பெனிகளுக்கு நடுவில், ஏசி ஃபில்டரில் பஞ்சு அடைத்துக்கொள்ளும், அதனால் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் வாங்கி நானே மாட்டிவிடுவேன், க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னாலேயே இருக்கிறது, பெரிய வித்தை இல்லை. மாட்டும்போது ஓரத்தில் மார்க்கரில் தேதி எழுதுவது வழக்கம். சர்வீஸுக்கு விட்டபோது ஃபில்டர் புதுசு, தொட வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொன்னேன். சாயங்காலம் போனால் பில்லில் ஃபில்டர் இருக்கிறது. கேட்டதும் கருப்பாக அடைத்துப் போன ஒன்றை எடுத்துவந்து காட்டி, "பாருங்க மேடம், இதுல எப்படி மூச்சு விட்டீங்க" என்கிறார் அந்தப் பையன். "சாரைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா வெவரமாச் சொல்லிடுவேன்" என்று வேறு.

நான் ஒன்றும் பேசவில்லை. வண்டியில் உட்கார்ந்து க்ளவ் பாக்ஸைக் கழற்றி உள்ளே இருந்ததை இழுத்தேன். என் கையெழுத்தில் தேதி. பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையன் கையில் யாரோ ஒருவருடைய ஃபில்டர்! பணத்தைக் கழித்துவிட்டார்கள், சரி. அந்தக் கருப்பு ஃபில்டரை அன்றைக்கு இன்னும் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மஞ்சக்களம்:
ஷோரூமை மட்டும் திட்ட வேண்டாம், வெளி மெக்கானிக் ஒருத்தர் எனக்குப் பண்ணியது தனி. இன்ஜின் ஆயில் மாற்றியபோது, ஆயிலை இறக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடாமல், பழையதையே வைத்துப் பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார். இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் அலுமினியம், மரை போய்விட்டது. அது தெரியாமல் நான் வீட்டுக்கு வந்து, மழை வரும்போல் இருக்கிறது என்று வண்டியைக் களத்து ஓரமாக நிறுத்தினேன். வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்த சமயம். காலையில் பார்த்தால் களம் வாட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஆயில் ஓடி, ஓரத்து மஞ்சள் எல்லாம் கருப்பு. அப்பா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முறத்தை எடுத்துவந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ஈரோட்டுல மஞ்சள் வெலை இப்ப என்னங்க போவுது?" என்று கேட்டார் பாருங்கள்.

பழைய_அட்வைசர்:
அவினாசி ரோட்டில் பல வருஷம் சர்வீஸ் அட்வைசராக வேலை பார்த்தவன், பேர் சொல்ல மாட்டேன். ஃபில்டர் விஷயத்துக்குச் சால்ஜாப்பு இல்லை, அது திருட்டுத்தான். ஆனால் பிரேக் ஆயில் மாற்றணும் என்று சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் "அதெல்லாம் அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம், வாட்டர் வாஷ் மட்டும் நல்லாப் பண்ணுங்க" என்பீர்கள். இன்ஜெக்டர் க்ளீனிங், அண்டர்பாடி கோட்டிங், ஏசி வாசனை ஸ்ப்ரே, இதில் இவ்வளவு விற்க வேண்டும் என்று எங்களுக்கு டார்கெட் உண்டு, அவசியமான பிரேக் ஆயிலுக்கு டார்கெட் கிடையாது. வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே வாயால் சொல்வதால் நீங்கள் இரண்டையும் நம்புவதில்லை.

என்னால் மறக்க முடியாதது ஒரு பெரியவர் வண்டி. சோமனூர்ப் பக்கம், தோட்டத்து வீடு. பிக்கப் இல்லை என்று வந்தார். ஏர் ஃபில்டர் பாக்ஸைத் திறந்தால் உள்ளே படி அளவுக்கு நிலக்கடலை, சீட்டு ஸ்பாஞ்சைக் கடித்துக் கொண்டுவந்து மெத்தை, அதில் ஒரு குழந்தையின் சாக்ஸ். எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. பெரியவர் அந்த சாக்ஸைக் கையில் எடுத்து, "எம்பட பேத்திதுங்க, அமெரிக்கா போறப்ப ஒண்ணக் காணோம்னு தேடுனா" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒயரிங்குக்கு ஆன பில்லை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டினார்.

காங்கயம்ரோடு_அம்மிணி:
பத்தில் எட்டுப் பேர் வேண்டாம் என்றால் ஜாப் கார்டில் "கஸ்டமர் வேண்டாம் என்றார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "செக்டு, ஓகே" என்று எதற்கு எழுதுகிறீர்கள்?

நாமக்கல்_லாரி:
எலி, ஃபில்டர் எல்லாம் இருக்கட்டும். வெள்ளகோவில் தாண்டி ஒரு ஓட்டல் வாசலில் ஒருத்தர் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கப் போனார், ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன், என்னையே முறைத்தார். அப்புறம் ஓட்டல் போர் தண்ணியைக் குடத்தில் வாங்கி ஊற்றினார், அதைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. நம் பக்கம் போர் தண்ணி எப்படி என்று வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அதே உப்புதான் ரேடியேட்டர் உள்ளேயும் படியும். கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றுங்கள், தண்ணி சேர்க்கக் கூடாது. ரிசர்வாயரில் மின், மேக்ஸ் கோடு இருக்கிறது, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஆயில் ஸ்டிக்கையும் அப்போதே பாருங்கள், மேக்ஸுக்கு மேலே ஊற்றினாலும் கெடுதல்தான். டயர் ஓரத்தில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 எண், 2319 என்றால் 2019இல் 23வது வாரம் செய்தது, பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரோடு வெயிலில் ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியிலும் காற்றுப் பாருங்கள், அதை ஒருத்தனும் பார்ப்பதில்லை. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு நட்டை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். எங்கள் லாரி டிரைவர்கள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்காமல் கிளம்ப மாட்டார்கள். கார்க்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருகுகிறீர்கள்.

மஞ்சக்களம்:
ஐயா, எல்லாம் சரிங்க, உங்க லாரி அனுபவம் ஒண்ணு சொல்லுங்கன்னா டயர் பாடம் எடுத்துட்டீங்களே.

பேக்கரி_டீ:
என்னுடையது டேஷ்கேம் கதை. ஊட்டி கிளம்புவதற்கு முன்னால் வீல் அலைன்மெண்ட், பேலன்சிங் பார்க்க விட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டும்போது ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்க, ஒரு சந்தேகத்தில் நிறுத்தி வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். என் வண்டி ஒரு பேக்கரி வாசலில் நிற்கிறது. இரண்டு பையன்கள், டீயும் பஃப்ஸும். ஒருவன் சொல்கிறான், "மெஷின்ல நாலு வண்டி நிக்குது, இத ஏத்துனா நைட்டு ஆயிரும், பில்லுல போட்டுர்ரா." இன்னொருவன், "அந்த அண்ணன் ஊட்டி போறேன்னாருடா, பாவம், பிரேக்காச்சும் பாத்துரலாம்." அதோடு போயிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அடுத்த துண்டு வீடியோவில் அந்த இரண்டாவது பையன் நிஜமாகவே வண்டியை எடுத்துக்கொண்டு காலி ரோட்டில் நாலைந்து தடவை பிரேக் அடித்துப் பார்க்கிறான், இறங்கி நாலு சக்கரத்துக்கும் காற்று வைக்கிறான், யாரும் சொல்லாமல்.

திரும்பி வந்து கேட்டேன், அலைன்மெண்ட் காசு தந்தார்கள். மேனேஜர் வீடியோவைக் கொடுங்கள், இருவரையும் நிறுத்திவிடுகிறேன் என்றார். கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்காரி இன்றைக்கும் சண்டை பிடிக்கிறாள்.

காங்கயம்ரோடு_அம்மிணி:
உங்க வீட்டுக்காரி சொல்றதுதான் சரிங்கண்ணா. முதல் பையன் வீடியோவை மட்டும் வெட்டிக் கொடுத்திருக்கலாமே. அந்த டேஷ்கேம் என்ன மாடல், பேச்சும் பதிவாகுமா?

பேக்கரி_டீ:
பதிவாகும். செட்டிங்கில் மைக் ஆன் பண்ணணும். மாடல் தனியாக அனுப்புகிறேன்.