புதுப்பிப்பு: தங்கையின் பிரசவச் செலவு

“இலவச மருத்துவம் உள்ள இலங்கையில் பிரசவத்துக்கு எதற்குச் சேமிப்பு?” என்று முன்பு கேட்டிருந்தேன். சேமிக்கச் சொன்னவர்களே, நீங்கள் சொன்னதுதான் சரி. தங்கைக்கு மூன்றாவதும் பெண். இருவரும் நலம்.

மருத்துவமனையில் ஒரு சதமும் கேட்கவில்லை. கிளினிக், இரும்புச்சத்து மாத்திரை, திரிபோஷா சத்துமா, வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தர் எல்லாமே இலவசம். பணம் கரைந்தது வழியில்தான். அவள் இருப்பது திருகோணமலைக்குப் போக நீரைக் கடக்க வேண்டிய கிண்ணியாவில். 2009இல் பாலம் திறந்ததோடு படகுக்குக் காத்து நிற்கும் தொல்லை போய்விட்டது. ஆனாலும் எட்டு மாத வயிற்றோடு நெரிசல் பஸ்ஸில் ஏற்றிவிட மனம் வருமா? திருகோணமலைக்கு ஒவ்வொரு முறையும் முச்சக்கரவண்டிதான். ஒருநாள் ஸ்கேன் கருவி பழுது என்று வெளியே தனியாரிடம் எடுக்க அனுப்பினார்கள். அன்று கொடுத்த காசில் ஒரு மாதத்துக்குப் பால்மா வாங்கியிருக்கலாம். மச்சான் கடல்தொழிலாளி. கிளினிக்குக்குத் துணை போகும் நாளில் வலையும் இல்லை, வருமானமும் இல்லை. அதை நான் செலவுக் கொப்பியில் எழுதியபோது, “இதுவும் ஒரு கணக்கா?” என்று அம்மா சிரித்தார்.

பிரசவ விடுமுறை பற்றிக் கேட்டவர்களுக்கு: மூன்றாம் பிள்ளை என்பதால் 42 நாள்தான் என்றார் அவள் வேலை செய்யும் கடை முதலாளி. அது பழைய சட்டம். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாள். அந்த விடுமுறை நாள்களுக்கான சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையில் விழுவதால் அவருடைய முகச்சுளிப்பும் எனக்குப் புரிகிறது. இரண்டு நாள் இழுத்தடித்த பிறகு ஒப்புக்கொண்டார்.