ஷார்ஜாவில் தம்பி, ஊரில் அம்மா: வீடியோ காலுக்கு எந்த ஆப் போடுவது?

திருப்பூர் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது, பரமக்குடி பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில். தம்பி போன மாதம்தான் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். போவதற்கு முன்பு அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து வாட்ஸ்அப் போட்டுவிட்டான். 3 ஜிபி ரேம், 32 ஜிபி மெமரி உள்ள ஆண்ட்ராய்டு போன்.

பிரச்சினை இதுதான். நான் கூப்பிட்டால் வாட்ஸ்அப் வீடியோ கால் நன்றாக வருகிறது. தம்பி கூப்பிட்டால் மணி அடிக்கிறது, அம்மா எடுக்கிறார், அதற்குப் பிறகு 'கனெக்டிங்' என்றே நிற்கிறது. சத்தமும் இல்லை, முகமும் இல்லை. பக்கத்து டவுனில் ஒரு கடையில் காட்டினோம். போனில்தான் கோளாறு என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றி 600 ரூபாய் வாங்கினார்கள். பழைய போட்டோ எல்லாம் போனதுதான் மிச்சம், கால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆளுக்கு ஒரு ஆப் சொல்கிறார்கள். டெலிகிராம், சிக்னல், அரட்டை, ஐஎம்ஓ... அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும், ஆங்கிலம் தெரியாது. நான்கைந்து ஆப் போட்டால் குழம்பிவிடுவார். ஒன்றே ஒன்று என்றால் எதைப் போடலாம்? மகன் முகத்தைப் பார்த்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று தினமும் சொல்கிறார், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

கம்மாக்கரை:
அக்கா, அரட்டை போடுங்கள். சென்னையைச் சேர்ந்த சோஹோ நிறுவனம் 2021இல் கொண்டுவந்தது. விலை குறைந்த போனிலும் மெதுவான நெட்டிலும் ஓடவேண்டும் என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். நானும் என் அப்பாவும் அதில்தான் பேசுகிறோம். நம் ஊர் ஆப் வளரவேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

துபாயில் 11 வருடம்:
சகோதரி, உங்கள் அம்மாவின் போனில் எந்தக் கோளாறும் இல்லை. நீங்கள் கூப்பிட்டால் பேச முடிகிறது, தம்பி கூப்பிட்டால் முடியவில்லை என்பதிலேயே விடை இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வாய்ஸ் கால், வீடியோ கால் இரண்டையும் தடுத்து வைத்திருக்கிறார்கள். மெசேஜ், போட்டோ, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போகும். மணியும் அடிக்கும், ஆனால் பேச்சு போகாது. இங்கே வந்த புதிதில் எல்லோரும் இதில் மாட்டுகிறோம். நானும் முதல் வாரம் என் போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

இங்கே இணையவழி அழைப்புக்கு அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்த ஆப்கள்தான் ஒழுங்காக ஓடும். போடிம் அதில் ஒன்று. கூகுள் மீட், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகியவையும் உண்டு. அதனால் எது நல்ல ஆப் என்று அம்மாவின் போனை வைத்து யோசிக்காமல், தம்பி இருக்கும் ஊரில் எது ஓடும் என்று முதலில் பாருங்கள். டெலிகிராம், சிக்னல் போட்டாலும் அங்கிருந்து கால் பேச இதே பாடுதான்.

கம்மாக்கரை தம்பி சொன்னது ஊருக்குள் பேசச் சரி. ஷார்ஜாவிலிருந்து கால் பேசவேண்டும் என்றால் அந்த நாட்டு அனுமதிதான் கணக்கு.

கம்மாக்கரை:
அமீரகத் தடை எனக்குத் தெரியாது அண்ணா. விளக்கியதற்கு நன்றி.

மதுரை வாசகன்:
எங்கள் மாமா பையன் அங்கிருந்து விபிஎன் (வேறு நாட்டிலிருந்து நெட் பயன்படுத்துவது போலக் காட்டும் ஆப்) போட்டு வாட்ஸ்அப்பிலேயே பேசுகிறானே? இலவசமாகவே கிடைக்கிறது.

துபாயில் 11 வருடம்:
தயவுசெய்து அந்த யோசனையைப் புதிதாக வந்த பையனுக்குச் சொல்லாதீர்கள். விபிஎன் என்பதே இங்கே குற்றம் இல்லை, கம்பெனிகள் தங்கள் வேலைக்குப் பயன்படுத்துகின்றன. ஆனால் குற்றம் செய்வதற்கோ அதை மறைப்பதற்கோ அதைப் பயன்படுத்தினால் 2021ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்கி 20 லட்சம் வரை போகும். தடுத்து வைத்த சேவைக்குள் நுழைய அதைப் பயன்படுத்தி மாட்டினால் யார் காப்பாற்றுவது? கடன் வாங்கி விசா எடுத்து வந்த பிள்ளைகள்தான் இங்கே அதிகம். எத்தனையோ பேர் போடுகிறார்கள் என்பது உண்மைதான். அதற்காக நான் அதை ஒரு வழியாகச் சொல்ல மாட்டேன். இலவச விபிஎன்கள் பலவற்றை யார் நடத்துகிறார்கள் என்பதே தெரியாது, வேறு.

இன்னொன்று. டோடோக் என்று ஒரு ஆப்பை யாராவது சொல்வார்கள். டிக்டாக் இல்லை, இது வேறு. பேசுவோரை உளவு பார்க்கப் பயன்படுகிறது என்று செய்தி வந்து, 2019 டிசம்பரில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் ஸ்டோரிலிருந்து நீக்கிய ஆப் அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

திருப்பூர் அக்கா:
அண்ணா, ரொம்ப நன்றி. அந்தக் கடைக்காரர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவின் போட்டோக்கள் போயிருக்காது. அப்படியென்றால் போடிமா, கூகுள் மீட்டா?

சேவியர்புரம்:
என் தங்கை அபுதாபியில் நர்ஸ். இரண்டையும் பயன்படுத்திய அனுபவத்தில் சொல்கிறேன். போடிமில் போன் நம்பரை வைத்துத்தான் கணக்கு, வாட்ஸ்அப் மாதிரியே பெயரைத் தொட்டால் கால் போகும். வயதானவர்களுக்கு அது பழகிய பாதை. ஆனால் அம்மாவும் போடவேண்டும், தம்பியும் போடவேண்டும். தம்பி எடுத்திருக்கும் நெட் பேக்கில் அழைப்பு ஆப்களுக்குத் தனியாக ஏதும் கட்டவேண்டுமா என்று அவர் சிம் வாங்கிய எடிசலாட் அல்லது டூ கடையில் கேட்டுக்கொள்ளட்டும்.

கூகுள் மீட்டின் வசதி, அம்மாவின் போனில் ஏற்கெனவே கூகுள் கணக்கு இருக்கும், புதிதாக ஒன்றும் தொடங்கவேண்டாம். இரண்டு பேர் பேசினால் இலவசமாகவே 24 மணி நேரம் வரை விடுகிறார்கள். நீங்களும் சேர்ந்து மூன்று பேர் ஆனால் 60 நிமிடத்தில் நின்றுவிடும், திரும்பக் கூப்பிட்டால் சரி.

எங்கள் வீட்டில் கடைசியில் மீட்தான் நிலைத்தது. காரணம் சின்னது. தங்கை ஒரே ஒரு மீட்டிங் லிங்க் உருவாக்கி அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். அதைச் சாட்டின் மேலே பின் செய்து வைத்தோம். தினமும் அதே லிங்க். "மேலே இருக்கிற நீல எழுத்தைத் தொடு" என்று மட்டும் அம்மாவுக்குச் சொன்னோம். தங்கை முதலில் "வாம்மா" என்று வாய்ஸ் மெசேஜ் போடுவாள், அம்மா தொடுவார், முகம் வந்துவிடும். ஆங்கிலம் படிக்கவேண்டிய தேவையே வரவில்லை. முதல் தடவை மைக், கேமராவுக்கு அனுமதி கேட்கும். அதை நீங்கள் ஊருக்குப் போகும்போது பக்கத்தில் இருந்து கொடுத்துவிடுங்கள். அங்கேதான் பெரியவர்கள் பயந்து 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிடுகிறார்கள்.

நெட்வொர்க் முருகேசு:
நல்ல பதில்கள். போன் பக்கம் மட்டும் கொஞ்சம் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பை எடுக்கவேண்டாம். வாய்ஸ் மெசேஜுக்கும் உங்கள் காலுக்கும் அது இருக்கட்டும். ஆனால் 32 ஜிபி போனில் குட் மார்னிங் படங்களே இடத்தை அடைத்துவிடும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்டு டேட்டா' போய் ஆட்டோ டவுன்லோடில் வீடியோவை நிறுத்துங்கள். அங்கேயே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' தொட்டால் 5 எம்பிக்கு மேல் உள்ளவையும் பல தடவை ஃபார்வர்டு ஆனவையும் தனியாக நிற்கும், அழிப்பது சுலபம்.

போடிம் போட முடிவு செய்தால் ஒரு சிக்கல் வரலாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் அணைந்திருக்கும்போது தம்பியின் கால் வந்தால் மணி அடிக்காமல் போகலாம். பேட்டரியை மிச்சம் பிடிக்க சில போன்கள் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து பேட்டரியில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' வையுங்கள்.

கடைசியாக ஒன்று, தனியாக இருக்கும் அம்மா என்பதால். வாட்ஸ்அப் பிரைவசியில் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' போடுங்கள், தெரியாத நம்பர் மணியே அடிக்காது. 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போய் ஒரு ரகசிய எண்ணும் வையுங்கள். "போலீஸ் பேசுகிறோம், உங்கள் மகன் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டான்" என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்கள். மகன் வெளியூரில் இருக்கும் தாய்க்கு அது பொய் என்று உடனே தோன்றாது. 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அம்மாவின் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

திருப்பூர் அக்கா:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வந்தேன். மீட் லிங்க் வழியைத்தான் செய்தோம். இங்கே இரவு எட்டரை, அங்கே ஏழு, தம்பி அப்போதுதான் வேலை முடிந்து அறைக்கு வந்திருந்தான். அம்மா நீல எழுத்தைத் தொட்டார், முகம் வந்தது. முதலில் ஒன்றும் பேசவே இல்லை. அப்புறம் "ஏன்டா இப்படி இளைச்சுப் போய்ட்ட" என்றார். நான் வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று நான் இல்லாமலே அம்மா தானாகத் தொட்டுப் பேசிவிட்டார். 1930ஐயும் காலண்டரில் எழுதியாகிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே வீடியோ கால் பேசுகிறார், தம்பிக்குக் காது மட்டும்தான் தெரிகிறதாம். இதற்கு ஏதாவது வழி உண்டா?

சேவியர்புரம்:
எங்கள் அம்மாவும் அப்படித்தான் அக்கா. டவுனில் நூறு ரூபாய் அளவில் போன் ஸ்டாண்டு கிடைக்கும், வாங்கி டிவி பக்கத்தில் வையுங்கள். போனை அதில் வைத்த பிறகுதான் நீல எழுத்தைத் தொடவேண்டும் என்று பழக்குங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்.