பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கலாமா, புது வண்டியா?

குலசேகரம் ரப்பர்க்காரன்:
தினமும் விடியற்காலை நான்கு மணிக்குப் பால்வெட்டப் போகிறேன். தோட்டத்துக்குச் செங்குத்தான ஏற்றம். தக்கலையில் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று பார்த்தேன். கேட்கிற விலையோடு கொஞ்சம் சேர்த்தால் புதிய 100 சிசி வண்டியே வந்துவிடும். ஆனால் ஒரே உதையில் அது முழங்கியதும் என் கை முன்பணத்தைத் தடவியது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மார்த்தாண்டம் மெக்கானிக்:
தம்பி, நீங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததா? சூட்டில் எந்த வண்டியும் ஒரே உதையில் எழும். அடுத்த முறை சொல்லாமல் போய் முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். போர் எத்தனை முறை அடித்தார்கள், அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையை எத்தனை முறை கடைந்து பெரிதாக்கினார்கள் என்றும் கேளுங்கள். புதிதில் அந்தத் துளையின் விட்டம் 50 மில்லிமீட்டர். இன்ஜினுக்கு எண்ணெய் ஊட்டும் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஓட்டுகிறவர்கள் உண்டு; அதையும் பாருங்கள். ஆர்சி புத்தகத்தோடு சேசிஸ் எண்ணை ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். 1996க்குப் பிறகு இந்த வண்டி வரவில்லை. உதிரிபாகத்தில் போலிதான் அதிகம்.

பேச்சிப்பாறைக்காரன்:
ஏற்றத்தை மட்டும் பார்க்கிறீர்களே, இறக்கம்? ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக் வண்டி; ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகத்தை அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். மழையில், பால் கேனோடு, நான் ஒருமுறை நேராக வாழைத் தோப்புக்குள் போயிருக்கிறேன். புது வண்டியை வாங்குங்கள்.

குலசேகரம் ரப்பர்க்காரன்:
அண்ணாச்சி, இன்று சொல்லாமல் போனேன். பதினொரு உதை. முன்பணம் சட்டைப்பையிலேயே இருக்கிறது.