எதிர்ப்புச் சக்திக்கு என்று குடித்தது, குடிக்க வைத்தது: உங்கள் அனுபவம்?

மூணாம் ஜாமம்

2020 மே, திருச்சி உறையூர். எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கொரோனாவுக்கென்று கபசுரக் குடிநீர் என்ற சித்த மருத்துவக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏன், எதற்கு என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அப்போது எந்தத் தெருமுனையில்தான் அண்டா இல்லை? பொடி இலவசமாக வந்தது, விறகு ஒரு மரக்கடைக்காரர் கொடுத்தார். தண்ணீர் நாலில் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும் என்பது கணக்கு. கூட்டம் கூடிவிட்டால் பாதியிலேயே இறக்கிவிடுவோம், அது வேறு கதை.

காலை ஏழு மணி இருக்கும். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் சொல்கிற பாட்டையே அவருக்கும் பாடினேன். “வெறும் வயித்துல குடிக்கணும்க்கா, அப்பதான் எதிர்ப்புச் சக்தி ஏறும்.”

முகம் சுளிக்காமல் ஒரே மடக்கில் குடித்தார். கப்பைக் கீழே போடாமல் தன் வண்டியிலேயே போட்டுக்கொண்டார். அப்புறம் சிரித்தபடி, “வெறும் வயித்துக்கு என்ன கொறச்சல் தம்பி, நேத்து ராத்திரியிலேர்ந்து அதுதான். ரெண்டு இட்லி இருந்தா குடு, சக்தி தானா ஏறும்” என்றார்.

நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கோரைக்கிழங்கு

அப்படியானால் கபசுரம் வீண் என்கிறீர்களா? அந்த அக்கா சாப்பிடாமல் வந்ததற்குக் கஷாயம் என்ன செய்யும்? சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு என்று பதினைந்து சரக்கு சேர்ந்த மருந்து அது. இன்று நேற்று யாரோ வாட்ஸ்அப்பில் கண்டுபிடித்தது இல்லை. 2012 டெங்கு நேரத்தில் நிலவேம்புக் குடிநீரையும் இப்படித்தான் கிண்டல் செய்தார்கள், அப்புறம் அரசு மருத்துவமனைகளிலேயே வரிசையில் நின்று குடித்தார்கள்.

என் அனுபவம்: 2021-இல் வீட்டில் ஐந்து பேருக்கும் தொற்று வந்தது. ஐந்து பேரும் குடித்தோம், ஐந்து பேரும் எழுந்து உட்கார்ந்தோம். அவ்வளவுதான்.

குடையோடு வருகிறவள்

நான் குடிக்க மறுத்த கதை.

எனக்கு லூபஸ். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வெளியாளை விரட்ட வேண்டிய காவல்காரன் வீட்டு ஆட்களையே அடிக்கிற நோய். அதற்காக ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மில்லிகிராம் பல வருடமாகச் சாப்பிடுகிறேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் உங்களுக்கே புரிந்திருக்கும். 2020 மார்ச் கடைசியில் அந்த மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்று செய்தி பரவியது. சொன்னது மருத்துவப் பணியாளர்களுக்கு, வாங்கிக் குவித்தது ஊர் முழுக்க.

ஏழு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். ஏழாவது கடையில் அந்தப் பையன் சீட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. “கொரோனாவுக்கா மேடம்? ஸ்டாக் இல்ல. இம்யூனிட்டிக்கு வேற நல்லதா இருக்கு, தரவா?” என்று ஜிங்க் மாத்திரை அட்டையை எடுத்து வைத்தான். மூன்று வாரம் மாத்திரை இல்லை. காலையில் சட்டைப் பித்தானைப் போட விரல் மடங்காது.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் எதிர்வீட்டு மாமி ஒரு பிளாஸ்க்கில் சீந்தில் கஷாயம் கொண்டுவந்தார். “நீ அடிக்கடி முடியாமப் படுத்துக்கறியேம்மா, ஒனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி.” எனக்கு அது கூடிப்போய்த் தலைதெறிக்க ஓடுவதுதான் நோயே, அதைக் குறைக்கத்தான் மருந்து சாப்பிடுகிறேன் மாமி என்றேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அழகு கூடிப்போச்சு என்று டாக்டரிடம் போனவளைப் பார்ப்பதுபோல.

பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

கணக்கு வாத்தியார்

@கோரைக்கிழங்கு: ஐந்து பேர் குடித்தீர்கள், ஐந்து பேரும் பிழைத்தீர்கள், சரி. எங்கள் வீட்டில் நாலு பேர், ஒருவரும் குடிக்கவில்லை, நாலு பேரும் பிழைத்தோம். இப்போது நான் என்ன முடிவுக்கு வரட்டும்? தொற்று வந்தவர்களில் பெரும்பாலானோர் எப்படியும் தேறினார்கள். குடித்தவர் குடித்ததால் தேறினேன் என்றார், குடிக்காதவர் சும்மா இருந்துவிட்டார்.

சீந்தில் பேச்சு வந்ததால் என் மச்சான் கதை. கபசுரம் போதாது என்று தனியாகச் சீந்தில் பொடி, காலையும் மாலையும், நாலு மாதம். ஒருநாள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். “என்ன மாப்ள, உங்க வீட்டு லைட்டு மஞ்சளா இருக்கு?” என்று கேட்டேன். லைட் வெள்ளைதான், கண்தான் மஞ்சள். எங்கள் பேச்சு அதோடு நின்றது. ஈரல் பரிசோதனை எண்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. பொடியை நிறுத்தி இரண்டரை மாதத்தில் சரியானது. மும்பையில் இப்படி ஆறு பேருக்கு ஈரல் பாதித்ததை 2021-இல் அங்குள்ள மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள்.

கோரைக்கிழங்கு

அதற்கு ஆயுஷ் அமைச்சகம் பதில் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள் வாத்தியாரே. அவர்கள் சாப்பிட்டது சீந்தில்தானா, அதேபோல் இருக்கிற வேறு கொடியா என்றே சரிபார்க்கவில்லை என்றார்கள். உங்கள் மச்சான் பொடியை எங்கே வாங்கினார்?

கணக்கு வாத்தியார்

ஆன்லைனில். நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். வாங்குகிறவனுக்கு எந்தக் கொடி என்று தெரியாது, பொடியான பிறகு யாருக்குமே தெரியாது. அப்புறம் என்ன தைரியத்தில் நாலு மாதம் குடிப்பது? அரசு கொடுத்தது சில நாளைக்கு, வேளைக்கு ஒரு சின்னக் கப். அதை நான் குறை சொல்லவில்லை.

தாமரைக்குளம்

எங்கள் வீட்டில் மூலிகை இல்லை, “இங்கிலீஷ் மருந்து”. அதனால் இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் 60,000 யூனிட் பொடி எழுதிக் கொடுத்தார், வாரம் ஒன்று, எட்டு வாரம். அப்பா படித்தது தினம் ஒன்று. இரவு பாலில் கலக்கி, அளவு பிசகாமல். தீரத் தீர அவரே போய் வாங்கிக்கொண்டார். கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. டி சத்து இருந்தால் கொரோனா அண்டாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், கூடினால் இன்னும் நல்லதுதானே என்பது அவர் கணக்கு.

மூன்று மாதம் ஆனது. மலச்சிக்கல், ஓயாத தாகம், ராத்திரி ஐந்தாறு தடவை பாத்ரூம். சர்க்கரையோ என்று பார்த்தோம், இல்லை. ஒருநாள் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னப்பா வேணும் என்றால், “அது… அது குடு” என்கிறார். தண்ணீர் என்ற சொல் வரவில்லை. நாற்பது வருடம் கோப்பு எழுதிய மனிதர்.

ரத்தத்தில் கால்சியம் 13.8. பத்தரைக்கு மேல் இருக்கக்கூடாதாம். ஐந்து நாள் சலைன் ஏற்றி இறக்கினார்கள். “தினமும் என்ன மாத்திரை சாப்பிடறார்?” என்று டியூட்டி டாக்டர் கேட்டபோது, அம்மா வீட்டுக்குப் போய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். அதில் காலி உறைகள், ஒவ்வொன்றும் இரண்டாக மடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு. கணக்கு கேட்டால் காட்டலாம் என்று வைத்திருக்கிறார்! ஒன்பது கட்டு இருந்தது.

கீரைக்கட்டு

தாமரைக்குளம், படிக்கவே கஷ்டமாக இருந்தது. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

என் அனுபவம் சிறியது. 2020-இல் மாமியார் தினமும் ஆரஞ்சு வாங்கச் சொன்னார், கிலோ விலை ஏறிக்கொண்டே போனது, வீட்டில் சண்டை. அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரஞ்சே தேவையில்லை. நூறு கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி ஐம்பது மில்லிகிராம் சொச்சம், அதே எடைக் கொய்யாவில் இருநூறுக்கு மேல். பள்ளிக்கூட வாசலில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிறார்களே, அதே கொய்யாதான். மாத்திரையாகக் கிராம் கணக்கில் விழுங்கினால் மிச்சம் சிறுநீரில் போகும், சிலருக்குக் கல்லும் சேரும். ஜிங்க்கும் அப்படித்தான், தினம் 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் உடம்பில் தாமிரச் சத்து குறையும்.

அடுத்து ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல்! இரும்புச் சத்து குறைந்தால் நோயை எதிர்க்கும் அணுக்களும் சோர்ந்துவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், கீரையில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் அது சேரவிடாது. கீரை, பருப்பில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். முருங்கைக்கீரை வாரம் இரண்டு நாளாவது. முட்டை சாப்பிடுகிறவர்கள் தினம் ஒன்று. சாப்பிடாதவர்கள் சுண்டல், கடலை.

அடுத்து தூக்கம். இதை யாரும் மதிப்பதில்லை. அமெரிக்காவில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கைக்கருவி கட்டி அளந்து, பிறகு சளிக் கிருமியை மூக்கில் சொட்டுவிட்டே பார்த்திருக்கிறார்கள், 2015-இல் வெளிவந்தது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடித்த வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல். இரவு ஒரு மணி வரை போனில் “எதிர்ப்புச் சக்தி கூட்டுவது எப்படி” என்று வீடியோ பார்க்கிறவர்கள் யோசிக்கவும் (என் கணவரைச் சொல்கிறேன்).

அப்புறம் சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். 2021-இல் கருப்புப் பூஞ்சை பிடித்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு ஏற்றப்பட்டவர்கள். நடைப்பயிற்சி அரை மணி நேரம். புகை கூடாது. தடுப்பூசி விடாதீர்கள், நோயை உடம்புக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டுவது அது ஒன்றுதான். பழைய சோறும் சின்ன வெங்காயமும்…

மன்னிக்கவும், நீண்டுவிட்டது.

குடையோடு வருகிறவள்

கீரைக்கட்டு, நல்ல பட்டியல்தான். ஆனால் மூணாம் ஜாமம் எழுதிய அந்த அக்காவுக்கு இதில் எதைச் சொல்வீர்கள்? ராத்திரியே சாப்பிடாதவரிடம் டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடி என்றா?

கீரைக்கட்டு

நான் பொதுவாகச் சொன்னேன்.

யாழ்மழை

எங்கட இலங்கைப் பக்கம் கபசுரம் இல்லை, கொத்தமல்லி. தடிமன் எண்டாலும் காய்ச்சல் எண்டாலும் கொத்தமல்லியையும் இஞ்சியையும் அவிச்சு ஒரு குவளை. அம்மம்மா அதில ஒரு துண்டு பனங்கட்டி தந்து கடிச்சுக் குடிக்கச் சொல்லுவா. எதிர்ப்புச் சக்தி எண்டொரு சொல் அவவுக்குத் தெரியாது, “தொண்டைக்கு இதமா இருக்கும்” எண்டு மட்டும்தான் சொல்லுவா. அதுக்கு மேல ஒரு வாக்குறுதியும் இல்லை. உண்மையிலயே இதமாத்தான் இருந்தது.

2020 டிசம்பரில கேகாலையில ஒருத்தர் தேனும் சாதிக்காயும் கலந்து காய்ச்சின பாணியை (சிரப்) வாங்க ஆயிரக்கணக்கில சனம் நெருக்கியடிச்சதைச் செய்தியில பார்த்திருப்பியள். கொரோனாவைத் தடுக்கிற பாணியை வாங்க, கொரோனா பரவுறதுக்குத் தோதா ஒரு கூட்டம். அதைப் பகிரங்கமாக் குடிச்சுக் காட்டின சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது.

அண்டைக்கு என்ர தம்பி அங்க போகப் பஸ்ஸுக்குக் காசு கேட்டான். அம்மம்மா மடிச்சுவைச்ச காசை எடுத்துக் குடுத்தா. அவவே குடுத்தா எண்டதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. பஸ் நிரம்பிப்போய் நிக்காமப் போனதால அவன் திரும்பி வந்திட்டான்.

தாமரைக்குளம்

@கீரைக்கட்டு: அப்பா நன்றாக இருக்கிறார். தண்ணீர் என்று சரியாகக் கேட்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலை மட்டும் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார்.

@மூணாம் ஜாமம்: கடைசியில் அந்த அக்காவுக்கு இட்லி கொடுத்தீர்களா, இல்லையா? அதை எழுதாமலே விட்டுவிட்டீர்களே.

மூணாம் ஜாமம்

அன்றைக்குக் கொடுக்கவில்லை. அம்மா கட்டித் தந்த நாலு இட்லி என் வண்டி டிக்கியில்தான் இருந்தது. எனக்கு அப்போது நினைவே வரவில்லை, பத்து மணிக்குத் திறந்தபோதுதான் வந்தது.

மறுநாளிலிருந்து கஷாயத்தோடு ஆளுக்கு ஒரு அவித்த முட்டை வைத்தோம். கோழியால் கொரோனா வருகிறது என்ற வதந்தியில் நாமக்கல்லில் முட்டை விலை விழுந்ததே, அது முடிந்து விலை ஏறிக்கொண்டிருந்தது. பதினோரு நாள் தாங்கியது. அப்புறம் வசூல் வரவில்லை. பொடி மட்டும் இலவசமாக வந்துகொண்டே இருந்ததால் கஷாயத்தை ஜூலை வரை கொடுத்தோம்.

முட்டை நின்ற அன்றும் அந்த அக்கா வந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் வழக்கமாக முட்டைத் தட்டு இருக்கும் இடத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கஷாயத்தை வாங்கிக் குடித்துவிட்டு, கப்பை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.