கல்யாணத்துக்கு வர்ற சொந்தக்காரங்களையே போட்டோ எடுக்க வைக்கலாமா? ஐடியா சொல்லுங்க

குடவாசல் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். தை கடைசியில தங்கச்சிக்கு கல்யாணம், கும்பகோணத்துல மண்டபம், காலைல ஆறு டு ஏழரை முகூர்த்தம். போட்டோ, வீடியோவுக்கு ஆள் சொல்லி அட்வான்ஸும் குடுத்தாச்சு. ஆனா அண்ணன் கல்யாண ஆல்பத்த பிரிச்சா பக்கம் பக்கமா மேடைல வரிசையா நின்ன குரூப் போட்டோதான் இருக்கு, பந்தக்காலுக்கு எங்க பாட்டி மஞ்சள் தடவி குங்குமம் வச்சது, முதநாள் ராத்திரி கொல்லைல உக்காந்து எல்லாரும் காய் நறுக்குனது, இதெல்லாம் ஒண்ணுகூட இல்ல. பாட்டியும் இப்ப இல்ல. அதனால இந்த தடவை வர்றவங்க கைல இருக்குற போனையே வச்சு ஏதாச்சும் நல்லா பண்ணணும்னு ஆசை. க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி எல்லாரும் ஒரே ஷேர்டு ஆல்பத்துல படம் போடலாம்னு சொல்றாங்களே, நம்ம ஜனம் அனுப்புவாங்களா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

மன்னை மருமகள்:
தம்பி, எல்லாரும் எடுங்கன்னு பொதுவா சொன்னீங்கன்னா எல்லாரும் தாலி கட்டுறதத்தான் எடுப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லிடுங்க. எங்க நாத்தனார் கல்யாணத்துல நலங்கு அன்னிக்கே சின்ன சின்ன சீட்டு எழுதி குடுத்தோம், ஒருத்தருக்கு சமையக்கட்டு, ஒருத்தருக்கு சம்பந்திங்க பேசிக்கிறது, இன்னொருத்தருக்கு நாயனக்காரரும் தவில்காரரும் வாசிக்கும்போது ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிற அந்த பார்வை. பொடுசுங்களையும் விடாதீங்க. எட்டு வயசு பையன் ஒருத்தன்கிட்ட பழைய போன் ஒண்ண குடுத்திருந்தோம், மெட்டி போடுறப்ப அவன் எடுத்தான் பாருங்க, அவன் உயரத்துக்கு அம்மிக்கல்லு நேரா இருக்கு, அதுமேல மருதாணி செவந்த கால், மெட்டிய புடிச்சிருக்குற மாப்பிள்ளை விரல்ல மஞ்சள் ஒட்டிக்கிட்டு இருக்கு, மூஞ்சி யாரோடதும் இல்ல. பெரியவங்க யாரு எடுத்திருந்தாலும் மேலேர்ந்துதான் எடுத்திருப்பாங்க. ஆல்பத்துல முழுப்பக்கத்துக்கு அதத்தான் போட்டோம்.

ஸ்டுடியோ அண்ணன், திருவாரூர்:
நான் இந்த தொழில்லதான் இருக்கேன், அதனால ஒரு வேண்டுகோள் மொதல்ல. கெட்டிமேளம் கொட்டுறப்ப போனத் தூக்கிட்டு யாரும் மேடை முன்னாடி வரக்கூடாதுன்னு முன்னாடியே மைக்ல சொல்லிடுங்க தம்பி, அந்த நேரத்துல ஒரு கை குறுக்க வந்தா திரும்ப எடுக்கவே முடியாது, தாலிய மறுபடி கட்டச் சொல்லவா முடியும். அதுக்குப் பதிலா சொந்தக்காரப் பையன் ஒருத்தன மேடை ஓரமா நிறுத்தி கூட்டத்த பாத்து எடுக்கச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையத்தான் பாத்துட்டிருப்போம், அப்ப அட்சதை போடுற அம்மா மூஞ்சிய யாருமே எடுக்க மாட்டோம்.

இன்னொண்ணு, எடுக்கறதுக்கு முன்னாடி லென்ஸ துடைக்கணும். கல்யாணத்துல கைல சந்தனமும் எண்ணெயும் இருக்கும், படம் மங்கலா வர்றதுக்கு பாதி காரணம் அதுதான். ஜூம் பண்ணாம கிட்டப் போய் எடுக்கட்டும். அப்புறம் வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்பினா சைஸையும் குறைச்சிடும், எடுத்த நேரத்தையும் அழிச்சிடும். டாகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க, நேரம் அப்படியே இருக்கும். எங்க கேமரா கடிகாரத்த போன் டைமோட ஒத்து வச்சிட்டோம்னா எல்லா படத்தையும் ஒண்ணா போட்டு நேரப்படி அடுக்கிடலாம், ஒரே நிமிஷத்துல மேடைலயும் பந்திலயும் என்ன நடந்துச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வந்துடும். உங்க போட்டோகிராபர்கிட்ட இத இப்பவே சொல்லிடுங்க.

வலங்கைமான்:
க்யூஆர் நல்லா வேலை செய்யும், ஆனா எங்க ஒட்டுறோம்ங்கறதுதான் விஷயம். வாசல்ல பன்னீர் தெளிக்கற இடத்துல ஒட்டினா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. பந்திக்கு காத்திருக்கற இடத்துல ஒட்டுங்க, அங்க எல்லாரும் போன நோண்டிக்கிட்டுதான் நிப்பாங்க. கூகுள் போட்டோஸ் ஷேர்டு ஆல்பம்னா லிங்க் இருந்தா யாரும் பாக்கலாம், படம் சேர்க்கணும்னா கூகுள் கணக்குல உள்ள வந்திருக்கணும், அதுலதான் நம்ம பெரியவங்க மாட்டிப்பாங்க. இலவசமா குடுக்கற 15 ஜிபியும் பாதி பேருக்கு நெறஞ்சுதான் கெடக்கும். அதனால மொய் எழுதற மேஜை பக்கத்துலயே ஒரு பையன லேப்டாப், கேபிளோட உக்கார வைங்க. சித்தப்பா போன குடுங்கன்னு அங்கயே வாங்கி காப்பி பண்ணிக்கணும், எத எடுக்கலாம்னு அவங்கள கேட்டுட்டு. வீட்டுக்குப் போய் அனுப்புறேன்னு சொன்னது எதுவும் வந்து சேராதுங்க.

மன்னை மருமகள்:
வலங்கைமான் சொன்னது ரொம்ப சரி. கூட இதையும் சேத்துக்கோங்க, ஆல்பம் லிங்க கண்ட குரூப்ல போடாதீங்க. சாப்பிடறப்ப எடுத்தது, குழந்தைக்கு பால் குடுக்கறப்ப பின்னாடி விழுந்தது எல்லாம் அதுல இருக்கும். வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரு மொதல்ல பாத்து கழிச்சு விடட்டும், அப்புறமா எல்லாருக்கும் குடுங்க.

பாபநாசம் கௌரி:
காசு இருந்தா எடுத்த உடனே படத்த அச்சடிச்சு தர்ற இன்ஸ்டாக்ஸ் கேமரா ஒண்ணு வாங்கி பெரியவங்களுக்கு மட்டும் வைங்க. ஒரு பேக்ல பத்து ஷீட்தான், ஷீட் விலையும் ஜாஸ்தி, அதனால கண்டவங்க கைல குடுக்க வேணாம். படம் வந்ததும் நோட்ல ஒட்டி பக்கத்துல அவங்க கையாலயே ரெண்டு வரி வாழ்த்து எழுதி வாங்குங்க. அந்தக் கையெழுத்துக்காகவே பண்ணலாம்.

அப்புறம் தை கடைசின்னு சொல்றீங்க, மேட்டூர் அணைய வழக்கமா ஜனவரி 28ல மூடுவாங்க, அதுக்கப்புறம் காவிரில தண்ணி கம்மியாயிடும். பொங்கலுக்கு அத்தை புள்ள, மாமா புள்ளைங்க எல்லாம் ஊருக்கு வருவாங்கல்ல, அப்பவே பொண்ண கூட்டிட்டு கும்பகோணத்துல காவிரிக்கரை பகவத் படித்துறைக்குப் போய் காலைல அவங்களே போட்டோ எடுக்கட்டும்.

குடவாசல் பையன்:
அக்கா, அண்ணே, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சீட்டு எழுதற வேலைய தங்கச்சிகிட்டயே குடுத்துட்டேன், யாரு எத எடுத்தா நல்லாருக்கும்னு அவளுக்குத்தான் தெரியும். மேடை ஓரமா நின்னு அம்மாவ எடுக்கறது நானே பண்றேன். க்யூஆர் ஸ்டிக்கர் தண்ணி பட்டாலும் உரியாத மாதிரி அடிச்சுத் தர்ற கடை மகாமகக் குளம் பக்கம் ஏதாச்சும் இருக்கா?