பாசிப் புரதத்துக்குக் குவாண்டம் தேவையா?

இளவேனில்:
மங்கலான ஒளியிலும் கிரிப்டோஃபைட் என்ற ஒருசெல் பாசிகள் பிழைத்துக்கொள்வது குவாண்டம் ஒத்திசைவால்தான், அதாவது பல நிறமிகள் ஒரே அலைபோலச் சேர்ந்து இயங்குவதால்தான் என்பது என் கட்சி. 2010இல் வேதியியலாளர் ஷோல்ஸின் குழு, இவற்றில் ஒளியைப் பிடிக்கும் பிசி645 என்ற புரதத்தில் லேசர் துடிப்புகளைப் பாய்ச்சிப் பார்த்தது. அறை வெப்பநிலையிலேயே, திரும்பி வந்த ஒளிச் சைகையில் அலைவுகள் 400 ஃபெம்டோநொடிக்கு மேல் நீடித்தன (ஒரு ஃபெம்டோநொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). நிறமிகள் ஆற்றலைப் பகிர்ந்து வைத்திருக்கின்றன என்றுதானே அர்த்தம்?

பாசிவாசி:
அலைவு இருந்தது, சரி. எதன் அலைவு என்பதில்தான் சிக்கல். நீங்கள் சொல்லும் எலெக்ட்ரான் ஒத்திசைவு அவ்வளவு நேரம் தாங்காது, நீடிப்பவை பெரும்பாலும் மூலக்கூறு அதிர்வுகளே என்று 2020இல் பல ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து எழுதிவிட்டன.

முதலில் புரதத்தின் கட்டமைப்பைப் பாருங்கள். இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா சங்கிலிகள். ஆல்ஃபாவில் தலா ஒன்று, பீட்டாவில் தலா மூன்று என்று மொத்தம் எட்டு நிறமிகள்; பிலின் என்பது இவற்றின் பெயர். பீட்டா, சிவப்புப் பாசி மூதாதையிடமிருந்து வந்த சொத்து. சிவப்புப் பாசியில் இது, ஒளிச்சேர்க்கை நடக்கும் தட்டையான பையான தைலகாய்டு சவ்வின் வெளிப்புறத்தில் பெரிய கொத்தாக ஒட்டியிருக்கும். கிரிப்டோஃபைட்டோ கொத்தைக் கலைத்துவிட்டு, துண்டுகளைத் தைலகாய்டின் உள்ளறையில் நிரப்பி வைத்திருக்கிறது.

அந்த உள்ளறைச் சரக்கை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ரோடோமோனாஸ் என்ற கிரிப்டோஃபைட்டின் செல்களை ஒரு இரவு உறையவைத்து, காலையில் உருக்கிச் சுழற்றினேன். செல் கசடு அடியில் தங்க, மேலே தெளிந்த நீர் ரோஜா நிறத்தில் நின்றது. பச்சை விளக்கைக் காட்டியதும் ஆரஞ்சாக ஒளிர்ந்தது. பச்சையம் கோட்டைவிடும் பச்சை ஒளியைப் பிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும்!

இளவேனில்:
அழகுதான், ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பிசி645இன் நடுவில் இரண்டு பிலின்கள் ஏறக்குறைய தொட்டுக்கொண்டு இருக்கின்றன. காரணமில்லாமலா அவ்வளவு நெருக்கம்?

பாசிவாசி:
அதற்குப் பதில் ஹெமிசெல்மிஸ் என்ற இன்னொரு கிரிப்டோஃபைட் இனத்தில் இருக்கிறது. அதன் ஆல்ஃபா சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் கூடுதல். அதனால் புரதத்தின் ஒரு பாதி 70 பாகைக்கும் மேல் திரும்பி, நடுவில் நீர் நிரம்பிய இடைவெளி விழுந்துவிட்டது. நடு நிறமிகள் விலகின, அவை ஆற்றலைப் பகிர உதவும் வலுவான இணைப்பும் போயிற்று. 2014இல் கர்மி, ஷோல்ஸ் குழுக்களே வெளியிட்ட கட்டமைப்பு இது. அப்படியும் ஹெமிசெல்மிஸ் கடலில் நன்றாகத்தான் வாழ்கிறது.

வெண்பா:
நடுவில் ஒரு வார்த்தை. வாழ்வது வேறு, மங்கல் ஒளியில் போட்டியிட்டு வாழ்வது வேறு.

இளவேனில்:
அதேதான்! அதிர்வையும் ஒதுக்கிவிட முடியாது. 2016இல் அதே பிசி645இல், அதிர்வும் எலெக்ட்ரான் நிலையும் கலப்பதால் ஆற்றல் கடத்தல் வேகம் கூடுகிறது என்று காட்டினார்கள். 400 ஃபெம்டோநொடி வாதத்தை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன். நெருக்கத்துக்குப் பயன் இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

பாசிவாசி:
அந்த அளவுக்கு நானும் வருகிறேன். ஆனால் பயன் எவ்வளவு என்று பாசியிடம்தான் கேட்க வேண்டும். நடு நிறமிகள் நெருங்கியிருக்கும் ரோடோமோனாஸ், விலகியிருக்கும் ஹெமிசெல்மிஸ் இரண்டையும் ஒரே மங்கல் பச்சை ஒளியில் வளர்த்து, செல்களை எண்ணிப் பார்க்கலாம். ரோடோமோனாஸ் என்னிடம் இருக்கிறது. ஹெமிசெல்மிஸ் வளர்ப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.